கெட்டும் கெட்டதும்

காலை பத்து மணி நாற்பத்தேழு நிமிடம். திரையில் முதலில் தெரிந்தது பழுப்பு.

கும்பளங்கிக்குத் தெற்கே, காயலை ஒட்டி, ஈரத்துணியை உதறி விரித்ததுபோல ஒரு பழுப்புத் திட்டு. அதைச் சுற்றி எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. உப்புநீரில் நிற்கும் கண்டல் மரங்களுக்குக் கரும்பச்சை, தென்னந்தோப்புக்கு இளம்பச்சை, ஆகாயத்தாமரை மூடிய கால்வாய்களுக்கு ஊதா, திறந்த நீருக்கு நீலம். மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே நாங்கள் நால்வரும் திரையைப் பார்த்து நின்றோம். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். படம் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

டீச்சர் கைதட்டவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கருவி, மென்பொருள் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகவே கையாள்கிறீர்கள். ஆனால் கணக்குப் பிரிவிலும் வாகனப் பிரிவிலும் சேர்ந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சில வரிகள். சாதாரண கேமரா உலகத்தை மூன்று நிறங்களில் பார்க்கிறது. நம் விமானத்தின் வயிற்றில் இருக்கும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா வெளிச்சத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒவ்வோர் இலைக்கும், சேற்றுக்கும், தண்ணீருக்கும் அந்தக் கீற்றுகளில் ஒரு தனி அடையாளம் உண்டு. எந்த அடையாளம் எதனுடையது என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. நம் ஆட்கள் படகிலும் நடந்தும் போய், இந்தப் புள்ளியில் இருப்பது இன்னது என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதைத்தான் தரைச் சான்று என்கிறோம். கணினி அதை வைத்துக் கற்றுக்கொண்டு மீதி நிலம் முழுவதற்கும் நிறம் பூசுகிறது.

நான் பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவன். அறிக்கை எழுத ஆள் வேண்டும் என்று இங்கே எடுத்தார்கள். டீச்சர் எங்கள் ஆய்வகத்தின் தலைவர். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் பேசுவார். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் டீச்சர்தான். என்னைவிட வயதில் இளையவர். ஒரு படத்தை முதல் தடவை திறக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"செந்திலே, அந்தப் பழுப்பு என்ன?" என்றார்.

செந்தில் கோபிச்செட்டிபாளையத்துப் பையன். கொச்சிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களில் மிகக் கூர்மையான பகுப்பாய்வாளர் அவன்தான்.

"வகுப்பு ஏழுங்க மேடம். சீரழிஞ்ச சதுப்பு நிலம்."

"இவ்வளவு பெரிசா?"

"தரைச் சான்று அப்படித்தானுங்க இருக்கு. சரிபார்ப்புக்கு வெச்ச புள்ளிகூட ஒண்ணும் விடாம பொருந்துதுங்க."

"ஒண்ணுகூட விடலையா?"

"இல்லீங்க."

"எனக்கு அதான் பிடிக்கலை."

வகுப்பு ஏழு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைக் கேட்டிருந்த அலுவலகத்துக்குக் கண்டல் காட்டைவிட அவசரமான ஒரு கேள்வி இருந்தது. கப்பல் வழியைத் தூர் வாரி எடுக்கும் சேற்றை எங்கே கொட்டுவது? உயிருள்ள நிலத்தில் கொட்டக்கூடாது என்பது விதி. ஏற்கெனவே சீரழிந்துபோன நிலம் என்றால் கொட்டலாம். ஆகவே பழுப்பு நிறம் விழும் இடம்தான் அவர்களுடைய விடை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் படத்தை ஒப்படைக்க வேண்டும். அதன்மேல் முடிவெடுக்கும் கூட்டம் அந்த வாரமே.

டீச்சர் வண்ணப்படத்தை மூடச் சொன்னார். நிறம் பூசாத மூலப்படத்தின் இரண்டு பட்டைகளை அருகருகே திறந்தார். சில நாள் முன்பு விமானம் ஒரே திட்டின் மேல் இரண்டு தடவை போயிருந்தது, ஒன்று பத்து மணியளவில், மற்றொன்று மதியம் தாண்டி. முதல் பட்டையில் காயல் நிறைந்திருந்தது. இரண்டாவதில் ஓதம், அதாவது கடலேற்றம், இறங்கி, கரையோரமெல்லாம் சேறு தெரிந்தது. இது நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். அவர் பார்த்தது பழுப்புத் திட்டைச் சுற்றிய வரப்புக்கு உள்ளே.

"வெளியே காயல் இறங்கிடுச்சு. உள்ளே பாருங்கோ. ஒரு விரல்கூட இறங்கலை."

செந்தில் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்தான்.

"பாழாப்போன இடத்துல வரப்பு உடைஞ்சு கிடக்கும். காயல் ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். இது காயல் சொன்னதைக் கேக்கலை. யாரோ கதவைச் சாத்தி வெச்சிருக்கா." நிமிர்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கதவு சாத்த ஆள் இருக்கிற இடம் எப்படிச் சீரழிஞ்ச இடமாகும்? வண்டி எடுக்கச் சொல்லுங்கோ."

"டீச்சர், நாளைக்கு மூணு மணிக்குக் கொடுக்கணும்" என்றேன்.

"நாளைக்கு மூணு மணி நாளைக்குத்தானே வரும்?"

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். இரண்டு பட்டைகளும் எங்கள் எல்லோர் கண்ணெதிரேயும் இருந்தன. பழுதில்லாத ஒரு முடிவு வந்த பிறகு, அதைக் கலைக்கக்கூடிய ஒன்றைத் தேடிப் போகும் வழக்கம் அவருக்கு மட்டும் இருந்தது. அதைத் திறமை என்பதைவிடப் பழக்கம் என்பதே சரி. பழக்கம் என்றால் உங்களுக்கும் வரும்.

கும்பளங்கி வரை ஜீப். அங்கிருந்து சுனியின் வள்ளம். சுனி எங்கள் களப்பணியாளர், அந்தக் கரையில் பிறந்தவர். அந்தத் திட்டின் தரைச் சான்று முழுவதையும் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று கைப்பேசியில் பேசி அனுப்பியவர் அவர்தான். அப்போது களமசேரியில் இருந்த எங்கள் இன்னோர் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டு, வகுப்பு எண்களாக மாற்றியவன் செந்தில். மட்டாஞ்சேரியில் இருந்த எங்களுக்கு வந்து சேர்ந்தவை எண்கள் மட்டும்தான்.

வரப்பின் மூலையில் ஒரு மதகு. மரப்பலகைகளைச் செருகி மூடும் மாதிரி. அதன்மேல் உட்கார்ந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வலையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. லிஸி என்று பெயர். வள்ளத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"எந்தா சுனியே, பின்னெயும் வந்தோ? செம்மீனுக்கு போட்டோ எடுத்து ஆதார் கொடுக்கானாணோ?"

"ஆதார் இல்ல சேச்சி, ரேஷன் கார்டு" என்றார் சுனி. செம்மீன் என்றால் இறால்; அதற்கு ஆதார் கொடுக்கவா மறுபடி வந்தாய் என்பது லிஸியின் கேலி.

டீச்சர் வள்ளத்தில் இருந்தபடியே கேட்டார். "சேச்சி, இது ஆருடெ நிலம்?"

"இது ஞங்ஙளுடெ கெட்டல்லே டீச்சரே. ஞானும் என்ட ஆங்ஙளயும்." ஆங்ஙள என்றால் உடன்பிறந்தவன். அவர் கை நீட்டிய பக்கம் ஒருவர் வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். "அதின் அப்புறத்துள்ளதும் கெட்டு தன்னெ."

வள்ளத்தின் முன்பக்கம் இருந்த செந்தில் சட்டென்று திரும்பினான். நிம்மதியில் அவன் முகமே மாறிவிட்டது.

"பாத்தீங்களா மேடம்! அவங்களே கெட்டுன்னு சொல்றாங்க. அந்தப் பக்கமும் கெட்டுங்கிறாங்க. சுனி அண்ணனும் அதையேதாங்க சொல்லி அனுப்பினாரு!"

சுனி துடுப்பை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு அவனையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வள்ளம் ஆடியது.

தமிழில் கட்டு என்பதை மலையாளத்தில் கெட்டு என்பார்கள். வரப்புக் கட்டித் தண்ணீரைத் தடுத்துச் செம்மீன் பிடிக்கும் நிலம் செம்மீன் கெட்டு, சுருக்கமாகக் கெட்டு. மட்டாஞ்சேரியில் வளர்ந்த என்னைப் போன்ற தமிழருக்கு அந்தச் சொல் தடுக்காது. கோபியிலிருந்து வந்த ஒருவனுக்குக் கெட்டு என்றால் கெட்டுப்போனது. சுனி அனுப்பிய பேச்சை அன்று மாலை நானும் கேட்டேன். "இது கெட்டு. இதும் கெட்டு. இவிடெ மொத்தம் கெட்டா. நல்ல நாற்றமும் உண்டு." கூடவே அனுப்பிய படங்களில் கறுப்புத் தண்ணீரும் அழுகிய நெல்தாள்களும். இதைக் கேட்டுப் பார்த்த ஒரு தமிழன் சீரழிந்த நிலம் என்று எழுதாமல் வேறு என்ன எழுதியிருப்பான்?

அந்த அழுகல்தான் அங்கே தீவனம். மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போன பிறகு இந்த நிலத்தில் பொக்காளி நெல் விளைகிறது. கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு மதகைத் திறந்து காயலை உள்ளே விடுவார்கள். ஓதத்தோடு வரும் செம்மீன் குஞ்சு அந்த அழுகலைத் தின்று வளரும். தண்ணீரை வெளியே விடும்போது மதகு வாயில் வலை.

டீச்சர் படத்தை லிஸியிடம் காட்டினார். லிஸி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இதெந்தா, செளியுடெ நிறம்?" செளி என்றால் சேறு.

டீச்சர் மறைக்கவில்லை. இந்த நிறம் எதற்கு, யார் கேட்டது, இதை வைத்து என்ன கொட்டுவார்கள் என்பதை மலையாளத்தில் நேராகச் சொன்னார். லிஸியின் சிரிப்பு நின்றது. வரப்பில் நின்ற தம்பியைக் கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடவில்லை.

"எப்பழா?" என்றார், எப்போது என்று.

"நாளெ இந்தப் படம் கொடுக்கணும்."

"எங்கில் ஒரு திவசம் கூடி உண்டு" என்றார் லிஸி. அப்படியென்றால் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வலையைக் கையில் எடுத்தார்.

திரும்பும்போது, பாதி வழியில், செந்தில் யாரிடமும் இல்லாமல், "சுனி அண்ணன் முதல் நாளே கேட்டாருங்க" என்றான்.

"என்ன கேட்டார்?"

"செந்தில் கெட்டியதாணோன்னு. நான், அய்யோ இல்லீங்க, டீக்கு மேல எதையும் தொட்டதில்லீங்கன்னு சொன்னேன்."

"ஞான் சோதிச்சது கல்யாணம் கழிஞ்சோ என்னாணு மோனே!" என்றார் சுனி. மலையாளத்தில் கெட்டியது என்றால் தாலி கட்டியது.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பின் அன்று அவர் சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் நான் ஒரு யோசனை சொன்னேன். அந்தத் திட்டுக்கு மட்டும் பெயரை மாற்றிவிடலாம். பழுப்புக்குப் பதில் வேறு நிறம், ஒரு மணி நேர வேலை. நாளை மூன்று மணிக்குக் கொடுத்துவிடலாம்.

"அந்த ஒரு இடம் மட்டும்தானா?" என்று டீச்சர் கேட்டார். செந்திலைத் திரையின் முன் உட்காரவைத்து வடக்கிலிருந்து தெற்குவரை மெதுவாக நகர்த்தச் சொன்னார். பழுப்பு வேறு பல இடங்களிலும் இருந்தது. தோல் கழிவு தேங்கிய குட்டைகள், குப்பை கொட்டி மூடிய தாழ்நிலங்கள், யாரும் பார்க்காமல் விடப்பட்ட வரப்புகள். அவற்றுக்கிடையே, சுனி போகாத கரைகளிலும், கெட்டுகள். கும்பளங்கியில் கற்ற ஒரு தவறான சொல்லைக் கணினி கொச்சி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. சரிபார்ப்புப் புள்ளிகளும் அதே பேச்சிலிருந்து எடுத்தவை. அதனால்தான் ஒன்றுகூட விடாமல் பொருந்தியது.

"ஒண்ணை மாத்தினா லிஸிச் சேச்சி தப்பிச்சுக்குவா. மத்தவாளோட மதகு எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியாது" என்றார்.

கெட்டையும் கெட்ட நிலத்தையும் பிரிக்க வழி இருந்தது. மதகுகள் சாத்தியிருக்கும்போது, ஓதம் முழுக்க இறங்கிய நேரத்தில், தெற்குக் கரை முழுவதையும் ஒரு தடவை பறந்து எடுக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் கெட்டு. காயலோடு இறங்கிய இடம் கைவிடப்பட்டது. ஆனால் விமானத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள் அனுமதிதான் மிச்சம் இருந்தது. கடற்படைப் பகுதிக்கு அருகில் பறப்பதால் அந்த அனுமதியை நினைத்தபோது நீட்ட முடியாது. அந்த நாள் வடக்கே வைப்பின் தீவுப் பக்கத்துக் கண்டல் காடுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதை விட்டால் அடுத்த வறட்சிக் காலம்வரை காத்திருக்க வேண்டும். டீச்சர் பல வருடம் முயன்று ஒப்பந்தத்தில் சேர்த்த காடுகள் அவை. அவருடைய சொந்த ஆய்வே கண்டல்தான்.

அன்று மாலை ஜன்னலோரம் நின்று கீழே மூட்டை ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விமானியிடம் தொலைபேசியில் பேசி, பாதையைத் தெற்கே மாற்றச் சொன்னார். யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு எறணாகுளத்தில், படம் கேட்ட அலுவலகத்தின் கூட்ட அறை. எங்களோடு பேசிய அதிகாரி நாகர்கோவில்காரர், நல்ல மனிதர். மேசையில் எல்லோருக்கும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துச் சுட்ட பழம்பொரி வைத்திருந்தார். படம் வரவில்லை என்றும் லிஸியின் கெட்டைப் பற்றியும் டீச்சர் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"டீச்சரே, ஒரு கலரை மாத்ததுக்கு இவ்வளவு பேச்சா? பழுப்ப எடுத்துட்டுப் பச்சையப் போடும். நான் மேல கொண்டுபோயிருதேன்."

"பச்சை போட்டாலும் அது பொய்தான் சார். எது கெட்டு, எது கெட்டதுன்னு என் படத்துக்கே இப்போ தெரியலை."

"வெள்ளிக்கிழமை கூட்டம். படம் இல்லாம நான் அங்க என்னத்தச் சொல்ல?"

"படம் இல்லைன்னு சொல்லுங்கோ. அது உண்மையாவது இருக்கும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பழம்பொரியைப் பார்த்தேன்.

"சரி, யாருக்க தப்பு இது? அதையாவது எழுதணும்லா."

செந்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தான். எழுந்திருக்கப் போகிறான் என்று அவன் முழங்காலைப் பார்த்தே தெரிந்தது. டீச்சர் அவன் பக்கம் திரும்பாமலேயே, "உக்காரு" என்றார். பிறகு அதிகாரியிடம், "படத்துல கையெழுத்துப் போடறது நான். வேற யாரைத் தேடணும்?" என்றார்.

"வைப்பின் காடு?"

"இந்த வருஷம் இல்லை. அதுக்கு வெச்ச நாளைத் தெற்கே எடுத்துக்கறேன். ஒப்பந்தத்துல இருக்கறதைச் செய்யலைன்னு நானே எழுதித் தர்றேன்."

"எழுதித் தந்தா அடுத்த வருசம் ஒமக்கு வேலை வராது, தெரியும்லா?"

"தெரியும் சார்."

அதிகாரி கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அந்தச் சேச்சிக்குச் செம்மீன் நல்லா கெடைக்கா?" என்று கேட்டார். டீச்சர், தெரியாது, கேட்கவில்லை என்றார். உண்மையிலேயே கேட்கவில்லை.

எனக்கு இதில் இன்றும் ஓர் உறுத்தல் உண்டு. வைப்பின் கண்டலின் ஒரு பகுதி அடுத்த மழைக்குள் வெட்டப்பட்டது. படம் இருந்திருந்தால் நின்றிருக்குமா என்று தெரியாது. அவரிடம் ஒருமுறை அதைச் சொன்னேன். "நின்னிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். தன் முடிவுக்குக் காரணம் தேடிக் கொடுக்கவில்லை. நான் பார்த்த தலைமைகளில் பெரும்பாலோர் தங்கள் முடிவுகளைப் பின்னால் மெருகேற்றிக்கொண்டே இருப்பார்கள். அவரிடம் அது இல்லை.

பறக்கும் நாளன்று கிழக்கே மேகம் திரண்டிருந்தது. ஓதம் இறங்கும் நேரத்துக்காகக் காத்திருந்தால் மேகம் மூடிவிடும் என்று விமானி பயந்தார். டீச்சர் சுனியை அழைத்தார். லிஸியிடம் கேட்டுச் சொல்லுங்கள், மதகுகள் எப்போதுவரை சாத்தியிருக்கும்? ஓதம் முழுக்க இறங்கும்வரை சாத்தியிருக்கும் என்று பதில் வந்தது, காத்திருந்தார்கள், மேகம் காயலின் கிழக்குக் கரையை எட்டியபோது கடைசிப் பட்டை முடிந்திருந்தது. செந்தில் புதிய தரைச் சான்றைத் தானே போய் எடுத்தான். ஒவ்வொரு புள்ளியிலும் சுனி சொன்ன சொல்லை முதலில் மலையாளத்திலேயே எழுதி, பொருளைக் கேட்டுப் பக்கத்தில் எழுதினான். இப்போது நீங்கள் நிரப்பும் தாளில் 'உள்ளூர்ச் சொல்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது அன்று வந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

புதிய படம் தாமதமாகப் போனது. அதில் வகுப்பு ஏழு இரண்டாகப் பிரிந்திருந்தது. சேறு கொட்டும் இடத்தை அவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு அந்த அலுவலகத்தின் வேலை எங்களுக்கு வரவில்லை. ஜூன் மாதம் லிஸியும் தம்பியும் அந்த நிலத்தில் பொக்காளி விதைத்தார்கள்.